சீட்டு மேசையில் ஆளைப் படிப்பது: புது டீலர் கற்பது என்ன?

ஒவ்வொரு தீபாவளிக்கும் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பெரியம்மா வீட்டு முன்வாசலில் பாய் விரித்துச் சீட்டாட்டம் நடக்கும். பத்து சென், இருபது சென்னில் தொடங்கி, இரவு ஏற ஏற வெள்ளிக்கணக்கில் போகும். நான் 6 வருடம் பயணக் கப்பலில் போக்கர் என்ற சீட்டாட்டத்தில் சீட்டைப் பகிரும் டீலராக இருந்தவன் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் எப்படியும் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "டேய், இவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லு, நல்ல சீட்டு வெச்சிருக்கானா, சும்மா ஏமாத்துறானா?" என்று கேட்பார். தெரியாது என்றால் நம்புவதில்லை. தெரிந்துகொண்டே மறைக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

இந்த நம்பிக்கை எங்கள் வீட்டோடு நிற்பதில்லை. மாமாக் கடையில் பந்து ஆட்டம் பார்க்கும் கூட்டத்தில் போக்கர் பேச்சு வந்தால், "அதெல்லாம் முகத்தைப் படிக்கிற கலை" என்று யாராவது சொல்வார். படங்களிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். கதாநாயகன் எதிரியின் கண்ணை உற்றுப் பார்ப்பான், இமை ஒருமுறை துடிக்கும், சீட்டு என்னவென்று தெரிந்துவிடும். "அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்று கேட்டு வளர்ந்த நமக்கு அதை நம்புவதும் சுலபம். அதை நம்பி ஒரு மாதச் சம்பளத்தை ஒரே ராத்திரியில் விட்டவர்களை நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை ஆரம்பத்திலிருந்து நிதானமாக எழுதத் தோன்றியது: ஆளைப் படிப்பது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது, அது எவ்வளவு தூரம் உதவும், எங்கே நின்றுவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சட்டப்படி நடக்கும் சூதாட்ட விடுதி கெந்திங் மலையில் மட்டும்தான் இருக்கிறது. 1969-இல் உரிமம் கிடைத்து, 1971-இல் அங்கே ஹோட்டல் திறந்தார்கள். முஸ்லிம்களுக்கும் 21 வயது ஆகாதவர்களுக்கும் உள்ளே அனுமதி கிடையாது. மற்றபடி உரிமம் இல்லாமல் சூதாட்ட இடம் நடத்துவதும், அங்கே போய் ஆடுவதும் 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இந்தக் கட்டுரை யாரையும் மேசையில் உட்காரச் சொல்லி எழுதியது இல்லை.

மாமாக் கடையில் தொடங்குவோம்

எங்கள் தெரு முனை மாமாக் கடையில் ஒரு அண்ணன் தே தாரிக் ஆற்றுகிறார். நான் போய் உட்கார்ந்ததும் கேட்காமலே "குராங் மானிஸ்" (சீனி குறைவாக) என்று உள்ளே குரல் கொடுப்பார். ஒரு நாள் நான் சீனி தூக்கலாக ஒரு டீ கேட்டேன். கோப்பையை வைத்துவிட்டு, "என்னண்ணே, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார். உண்மையிலேயே அன்று அப்பாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அவர் என் முகத்தைப் படிக்கவில்லை. மூன்று வருடமாக நான் என்ன குடிக்கிறேன் என்று தெரிந்து வைத்திருந்தார், அன்று அது மாறியது, அதைக் கவனித்தார். அதே டீயை ஒரு புது ஆள் கேட்டிருந்தால் அவருக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. பிரச்சினை இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரிந்ததே தவிர, என்ன பிரச்சினை என்பது தெரியவில்லை என்பதையும் கவனியுங்கள்.

பள்ளி விட்டு வரும் பிள்ளையை அம்மா படிப்பதும் இப்படித்தான். தினமும் பையைத் தூக்கிப் போட்டு "அம்மா பசி" என்று கத்தும் பையன், ஒரு நாள் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருவாள். அடுத்த வீட்டுப் பையன் தினமும் அப்படித்தான் வைப்பான், அவன் அம்மாவுக்கு அது ஒன்றும் இல்லை.

இங்கே இரண்டு சொற்களை அறிமுகப்படுத்துகிறேன். ஒருவர் சாதாரணமாக எப்படி இருப்பாரோ அதை அவருடைய வழக்க நிலை என்போம். அந்த வழக்கத்திலிருந்து விலகி, உள்ளே நடப்பதை வெளியே காட்டிவிடும் அசைவையோ பேச்சையோ போக்கர்காரர்கள் டெல் என்பார்கள். வழக்க நிலை தெரியாதவரிடம் டெல் தேடுவது, முதல் தடவை பார்க்கும் ஆளிடம் "இன்னைக்கு ஏன் இளைச்சிருக்கீங்க" என்று கேட்பது மாதிரி.

ஆட்டம் எப்படி நடக்கிறது

போக்கரில் பல வகை உண்டு. உலகம் முழுக்க அதிகம் ஆடுவது டெக்சாஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் கவிழ்த்து 2 சீட்டு. பிறகு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் 3, அப்புறம் 1, அப்புறம் இன்னொன்று என்று 5 சீட்டுகளைத் திறந்து வைப்பார்கள். கையில் உள்ள 2, நடுவில் உள்ள 5, இந்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டும் சுற்று ஒன்று வரும், மொத்தம் நான்கு. உங்கள் முறை வரும்போது கட்டலாம், அடுத்தவர் கட்டியதற்குச் சமமாகப் போடலாம், ஏற்றலாம், அல்லது சீட்டைப் போட்டுவிட்டு விலகலாம். நடுவில் சேரும் பணத்துக்குப் பாட் என்று பெயர். எல்லோரும் விலகி ஒருவர் மட்டும் மிஞ்சினால், சீட்டைக் காட்டாமலே பாட் முழுதும் அவருக்கு. அதனால்தான் மோசமான சீட்டோடு பெரிதாகக் கட்டி மற்றவர்களை விரட்டப் பார்க்கிறார்கள். அதுதான் ப்ளஃப்.

டீலர் இதில் ஆடுவதில்லை. கலைத்து, வெட்டி, பகிர்ந்து, பாட்டை எண்ணி, யார் முறை என்று சொல்வதுதான் அவர் வேலை. விடுதிக்கு ஒவ்வொரு பாட்டிலிருந்தும் ஒரு சிறு பங்கு போகும். யார் ஜெயித்தாலும் டீலருக்கு ஒன்றுதான். யார் கையில் என்ன இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. பலர் தெரியும் என்று நினைக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

புது டீலரின் கண் எங்கே இருக்கும்

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பிலிப்பினோக்காரப் பெண்மணி. முதல் வாரம் முழுக்கச் சீட்டை வீசத்தான் சொல்லிக்கொடுத்தார். மேசைக்கு மேல் ஓரிரு அங்குல உயரத்தில் சீட்டு சுழன்றுகொண்டே போய், ஆளுக்கு முன்னால் நிற்க வேண்டும். கொஞ்சம் தூக்கிவிட்டால் புரண்டு முகம் தெரிந்துவிடும். என் விரலில் தோல் உரிந்தது. இரண்டாம் வாரம் அவர் மேசையின் நாலா பக்கமும் பயிற்சிக்காரர்களை உட்கார வைத்து, நான் நிமிர்ந்து யார் முகத்தையாவது பார்க்கும்போதெல்லாம் மேசையைத் தட்டுவார். கண் எப்போதும் மேசை மட்டத்திலேயே இருக்க வேண்டும், கைகளிலும் சில்லுகளிலும். அதுதான் அவருடைய முக்கியமான பாடம்.

இதற்குக் காரணம் ஆளைப் படிப்பது இல்லை, ஒழுங்கு. பணத்துக்குப் பதிலாக மேசையில் சில்லுகள் இருக்கும். அவற்றை ஒரே வீச்சில் வைக்க வேண்டும். கொஞ்சம் வைத்து, எதிராளி என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு, திரும்பக் கையை இழுத்து இன்னும் கொஞ்சம் வைப்பது செல்லாது. வாயால் "ஏற்றுகிறேன்" என்று சொல்லிவிட்டால் சொன்னது சொன்னதுதான். யார் எவ்வளவு வைத்தார், சீட்டை மேசையில் வைத்திருக்கிறாரா மடியில் இறக்கிவிட்டாரா, முறை தவறி யாராவது கையை நீட்டுகிறாரா, எல்லாம் கையில்தான் தெரியும்.

அப்படிக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தால், தேடாமலே சில விஷயங்கள் கண்ணில் படத் தொடங்கும். நேரடி மேசையில் மணிக்கு ஏறக்குறைய 30 ஆட்டம் நடக்கும். அரை மணிக்கு ஒரு தடவை டீலர் வேறு மேசைக்கு மாறுவார். ஒரு வாரத்தில் எத்தனை கைகளைப் பார்த்திருப்போம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நான் முதலில் கண்டுபிடித்தது இது. நடுவில் மூன்று ஆர்ட்டின் சீட்டு விழுந்தது. எதிரே இருந்த பெரியவர் தன் இரண்டு சீட்டின் மூலையை இரு பெருவிரலால் மெல்லத் தூக்கி, மறுபடி ஒருமுறை பார்த்தார். அவரிடம் இரண்டு ஆர்ட்டின் இருக்கிறது, ஐந்தும் ஒரே குறி சேர்ந்துவிட்டது, சந்தோஷத்தில் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் சீட்டைத் திறந்தபோது ஒரே ஒரு ஆர்ட்டின்தான் இருந்தது. அடுத்த சில வாரங்களில் இதையே திரும்பத் திரும்பப் பார்த்தேன், அப்புறம்தான் காரணம் புரிந்தது. சீட்டை ஒரு நொடி பார்க்கும்போது ராஜா, ஒன்பது என்று எண் மனதில் நிற்கும், குறி அவ்வளவாக நிற்காது. இரண்டும் ஒரே குறியாக இருந்தால் மட்டும் அது உடனே பதிந்துவிடும், மறக்காது. வேறு வேறு குறி இருப்பவருக்குத்தான், "ஒன்று சிவப்பாக இருந்ததே, ஆர்ட்டினா டைமண்டா?" என்று சந்தேகம் வரும். சந்தேகம் வந்தவர்தான் மறுபடி பார்ப்பார்.

ஒரு டெல் உண்மையானதா என்று சோதிக்க இதுவே நல்ல வழி. "இப்படிச் செய்தால் இப்படி அர்த்தம்" என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். மறுபடி பார்ப்பதற்கு ஞாபகம் என்ற காரணம் இருக்கிறது. மூக்கைச் சொறிந்தால் ப்ளஃப் என்பதற்குக் காரணம் சொல்ல முடியுமா?

சுருக்கமாக: டெல் என்பது அந்த ஆளுடைய வழக்கத்திலிருந்து விலகல். அதைத் தேட முகத்தைவிடக் கை நல்ல இடம். காரணம் சொல்ல முடிந்த டெல்லைத்தான் நம்பத் தொடங்கலாம்.

கை ஏன் காட்டிக்கொடுக்கிறது

சின்ன வயதிலிருந்து நாம் முகத்துக்குத்தான் பயிற்சி எடுத்திருக்கிறோம். பிடிக்காத சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தாலும் சிரித்துக்கொண்டே "வாங்க மாமா" என்கிறோம். பிடிக்காத பரிசைப் பிரித்ததும் கண்ணை விரிக்கிறோம். போக்கர் ஆடுபவரும் முதலில் கட்டுப்படுத்துவது முகத்தைத்தான், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். சில்லை எடுத்து வைக்கும் கைக்கு அந்தக் காவல் கிடையாது.

அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் ஸ்லெப்பியனும் சக ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைச் சோதித்துப் பார்த்தது. 2009 உலகப் போக்கர் தொடரில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் சில்லு வைக்கும் காட்சிகளைத் துண்டு துண்டாக வெட்டி, மாணவர்களிடம் காட்டி, யார் சீட்டு நல்லது என்று ஊகிக்கச் சொன்னார்கள். முகம் மட்டும் பார்த்தவர்கள் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மோசமாகச் சொன்னார்கள். கையின் அசைவை மட்டும் பார்த்தவர்கள் குருட்டாம்போக்கைவிடக் கொஞ்சம் நன்றாகச் சொன்னார்கள். நல்ல சீட்டு வைத்திருப்பவரின் கை தடுமாறாமல் ஓடுகிறது. பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முகத்தைப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏமாற்றத்தானே அந்த முகத்தை வைத்திருக்கிறார்கள்!

சீட்டை விடுங்கள், பொதுவாகவே பொய்யைக் கண்டுபிடிப்பதில் நாம் நினைக்கிற அளவு கெட்டிக்காரர்கள் இல்லை. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் 2006-இல் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனிதர்கள் 100-க்கு 54 தடவைதான் சரியாகச் சொல்கிறார்கள். காசைச் சுண்டினாலே 50 கிடைக்கும்.

கை நடுக்கத்தைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். எதிராளி சில்லைத் தள்ளும்போது விரல் நடுங்கினால், பயத்தில் நடுங்குகிறான், ப்ளஃப் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆய்வில் சொன்ன தடுமாறாமல் ஓடும் கை வேறு, இந்த விரல் நடுக்கம் வேறு. நான் பார்த்தவரை இதன் அர்த்தம் பெரும்பாலும் தலைகீழ். வெகுநேரம் காத்திருந்து அருமையான சீட்டு வந்தவருக்கு உடம்பில் அட்ரினலின் ஏறும், விரல் நுனிவரை துடிக்கும். ப்ளஃப் செய்பவரோ மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார்.

இதைத் தெரிந்துகொண்ட பெருமையில் நானும் ஒரு தடவை சறுக்கினேன். ஒரு முதியவர், புதிதாக மேசைக்கு வந்தவர், பாட் பெரிதாக இருந்தபோது கை நன்றாக நடுங்கச் சில்லைத் தள்ளினார். "பெரிய சீட்டு" என்று மனதுக்குள் அடித்துச் சொன்னேன். திறந்தால் ஒன்றுமே இல்லை. கொஞ்ச நேரத்தில் பணிப்பெண் காப்பி கொண்டுவந்தாள். அவர் கோப்பையை இரு கையாலும் பிடித்தும் தட்டில் பாதி சிந்தியது. அவருக்கு எப்போதுமே கை நடுங்கும். நான் வழக்க நிலை தெரியாமல் டெல் படித்தேன்.

வேண்டுமென்றே காட்டும் அசைவுகள் வேறு. பெருமூச்சு விட்டு, தோளைக் குலுக்கி, "சரி, வேற வழி இல்ல" என்கிற மாதிரிக் கட்டுபவரிடம் பெரும்பாலும் பலமான சீட்டு இருக்கும். தான் எப்படித் தெரிய வேண்டும் என்று விரும்புகிறாரோ அதைத்தான் மனிதர் நடிப்பார். பேரம் பேசும்போது நாமும் "அய்யோ, அவ்வளவு பணம் எங்கிட்ட இல்லீங்க" என்று பர்ஸைத் திறந்து காட்டுவதில்லையா?

டீலருக்கும் தெரியாத பாதி

இவ்வளவு பார்த்த டீலர் பெரிய நிபுணராகிவிடுவார் என்று தோன்றும். இங்கேதான் பெரிய ஓட்டை இருக்கிறது.

ஒரு அசைவைப் பார்த்து, கடைசியில் சீட்டும் திறந்தால்தான் இரண்டையும் பொருத்திக் கற்க முடியும். ஆனால் வெற்றிகரமான ப்ளஃபில் சீட்டு திறப்பதே இல்லை. மற்றவர்கள் விலகியதும் அவர் சீட்டைக் கவிழ்த்தபடியே என் பக்கம் தள்ளிவிடுவார். நான் அதைப் பார்க்கக் கூடாது, பார்க்கவும் மாட்டேன். போட்ட சீட்டுகளோடு கலந்துவிடுவேன். ஆக, நன்றாக ஏமாற்றியவர்களின் அசைவு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் மாட்டிக்கொண்டவர்களின் அசைவு. ஆற்றில் தூண்டில் போட்டுச் சிக்கிய மீனை மட்டும் வைத்து ஆற்று மீன் எல்லாமே இப்படித்தான் என்று சொல்ல முடியாது.

கூடவே மனதின் வேலையும் சேர்கிறது. சரியாக ஊகித்த ஒன்றைப் பத்து வருடம் கழித்தும் சொல்லிக்கொண்டிருப்போம். தவறாகப் போன ஒன்பதும் மறுநாளே மறந்துவிடும். நான் ஒரு மாதம் ஒரு சின்ன நோட்டில் வேலை முடிந்ததும் என் ஊகங்களைக் குறித்து வைத்தேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது, என்னைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்த அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. அந்த நோட்டுக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

உண்மையான வேலை நடக்கும் இடம்

முகமும் கையும் இவ்வளவுதான் என்றால், நல்ல ஆட்டக்காரர்கள் எதை வைத்து ஜெயிக்கிறார்கள்? கட்டும் பணத்தை வைத்து.

52 சீட்டில் ஒருவருக்கு வரக்கூடிய இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 1326. அதில் இரண்டும் ஏஸாக வருவது 6 மட்டும், அதாவது 221-க்கு ஒன்று. ஆட்டம் தொடங்கும் முன் எதிராளியிடம் இந்த 1326-இல் எதுவும் இருக்கலாம். அவர் முதல் சுற்றிலேயே பணத்தை ஏற்றினார் என்றால் மோசமான சேர்க்கைகள் பல கழிந்துவிடும். நடுவில் மூன்று சீட்டு விழுந்தும் மறுபடி கட்டினால் இன்னும் கழியும். சல்லடையில் சலிக்கச் சலிக்க மேலே நிற்பது குறைகிற மாதிரி. அப்படி மிஞ்சி நிற்கும் சேர்க்கைகளின் கூட்டத்தை ரேஞ்ச் என்பார்கள். தேர்ந்தவர் "அவனிடம் ராணி ஜோடி" என்று ஒரு சீட்டைக் குறிவைக்க மாட்டார். இத்தனை வகை இருக்கலாம், அதில் இத்தனை பங்கு ப்ளஃப் என்று எண்ணுவார்.

நேரமும் இந்தக் கணக்கில் சேரும். ஒருவர் கட்டியதும் இன்னொருவர் யோசிக்காமல் உடனே சமமாகப் போட்டால், அவரிடம் பெரும்பாலும் நடுத்தரச் சீட்டு. ரொம்ப நல்லதென்றால் ஏற்றலாமா என்று ஒரு நொடி யோசித்திருப்பார், ரொம்ப மோசமென்றால் விலகலாமா என்று யோசித்திருப்பார். இரண்டு யோசனையும் வராதவர்தான் சட்டென்று போடுவார்.

முகமே தேவையில்லை என்பதற்குப் பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. 2019-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து உருவாக்கிய ப்ளூரிபஸ் என்ற கணினி நிரல், ஆறு பேர் மேசையில் தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களை 10,000 ஆட்டங்களில் வென்றது. அதற்குக் கண் கிடையாது. தன் சீட்டு, நடுவில் திறந்த சீட்டு, யார் எவ்வளவு கட்டினார் என்பது, இவை மட்டும்தான் அதற்குத் தெரியும்.

ஒரு கணக்கு

அப்படியானால் டெல் வீணா? இல்லை, அதற்கு ஒரு சின்ன இடம் உண்டு. அது எவ்வளவு சின்னது என்று எண்ணை வைத்துப் பார்ப்போம். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

கடைசிச் சுற்று. பாட்டில் 200 இருக்கிறது. எதிராளி 100 கட்டுகிறார். நீங்களும் 100 போட்டால் 300 கிடைக்கலாம். உங்கள் சீட்டு சுமார், அவர் ப்ளஃப் செய்தால் மட்டும்தான் ஜெயிப்பீர்கள். 100 போட்டு 300 பெற, நாலில் ஒரு தடவை, அதாவது 100-க்கு 25 தடவை, அவர் ப்ளஃப் செய்தால் போதும், உங்களுக்கு நட்டம் இல்லை.

அவர் கட்டிய விதத்தை வைத்து, இப்படிப்பட்ட 100 தடவையில் 70 நிஜம், 30 ப்ளஃப் என்று கணிக்கிறீர்கள். 30 என்பது 25-ஐவிட அதிகம். போடலாம்.

இப்போது அவர் விரல் நடுங்குகிறது. வழக்கமாக நடுங்காத ஆள். அந்த 70 நிஜத்தில் 28 தடவை நடுங்குவார், 30 ப்ளஃபில் 6 தடவை நடுங்குவார் என்று வைத்துக்கொள்வோம். நடுங்கிய தடவைகள் மொத்தம் 34. அதில் ப்ளஃப் 6, அதாவது 100-க்கு 18 போல. இது 25-ஐவிடக் குறைவு. விலகுவதே சரி.

நடுக்கம் இங்கே முடிவை மாற்றியது. ஆனால் பாட்டில் 200-க்குப் பதில் 800 இருந்திருந்தால்? 100 போட்டால் 900 கிடைக்கும், பத்தில் ஒரு தடவை ப்ளஃப் இருந்தால் போதும். நடுக்கத்தைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் போடுவதுதான் சரி. முடிவு இரண்டுக்கும் நடுவில் தொங்கும்போது மட்டும் டெல் ஒரு பக்கம் சாய்க்கும். தராசில் கடைசியாக விழும் ஒரு சிட்டிகை அது. கல்லை வைக்காமல் சிட்டிகையை மட்டும் வைத்து நிறுக்கப் பார்ப்பவர்கள்தான் முகத்தைப் படிக்கிறேன் என்பவர்கள்.

இங்கே நிறுத்தி ஒருமுறை பார்த்துக்கொள்வோம்: முதலில் ரேஞ்ச், அதிலிருந்து ப்ளஃப் எத்தனை பங்கு என்ற கணிப்பு, பாட் கேட்கும் விலை, அதற்கப்புறம்தான் டெல். இந்த வரிசை மாறினால் எல்லாம் மாறும்.

உறுதியாகத் தெரியும் ஒன்று

டீலரின் கண்ணுக்கு மற்ற எல்லாவற்றையும்விடத் தெளிவாகத் தெரியும் மாற்றம் ஒன்று உண்டு. அதற்கும் சீட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆட்டக்காரர் நிதானம் இழப்பதை டில்ட் என்பார்கள். தோற்ற வலியில், தோற்றதை உடனே திரும்ப எடுத்துவிட வேண்டும் என்ற வெறியில் ஆடும் நிலை.

அது முதலில் சில்லில் தெரியும். கிள்ளான்காரர் ஒருவர், தமிழர், எங்கள் கப்பலில் வருவார். சில்லுகளை இருபது இருபதாக அடுக்கி, ஓரங்களை விரலால் தட்டி நேராக்கி வைப்பார். பூசை சாமான் அடுக்குகிற மாதிரி அவ்வளவு கவனம். ஒரு இரவு நல்ல சீட்டோடு கடைசிச் சீட்டில் தோற்றார். அடுத்த ஆட்டத்தில் ஜெயித்துக் கிடைத்த சில்லுகளை அடுக்கவில்லை, குவியலாகவே விட்டார். அதற்கு முன்பு ஐந்து ஆட்டத்துக்கு ஒன்றுதான் ஆடுவார், இப்போது எல்லா ஆட்டமும் ஆடினார். சீட்டை எனக்குத் தள்ளுபவர் எறியத் தொடங்கினார். மேசையில் இருந்த எட்டுப் பேருக்கும் இது தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் டீலர் என்ன செய்யலாம்? விளையாட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது. டீலர் ஒருவரைப் பரிதாபமாகப் பார்த்தால்கூட மற்ற ஆட்டக்காரர்களுக்கு அது ஒரு டெல் ஆகிவிடும். இந்த விதி நியாயமானது, ஆட்டம் எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக வந்தது. மேற்பார்வையாளரை அழைக்கலாம். அழைத்தேன். அவர் வந்து பணிவாகப் பேசி, சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். கிள்ளான்காரர் தலையை ஆட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். என் அரை மணி முடிந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, புரட்டி, மேலே இருக்கும் கேமராவுக்குக் காட்டிவிட்டு எழுந்தேன். டீலர் எதையும் எடுத்துப் போகவில்லை என்பதற்கு அந்தச் சைகை. அன்று அது எனக்கு மிகவும் கனமாக இருந்தது.

நான் அந்த வேலையை விட்டதற்கு அந்த இரவும் ஒரு காரணம்.

போன தீபாவளிக்கும் பாய் விரித்தார்கள். சித்தப்பா மகன் ஆட உட்கார்ந்தபோது ஒரு வெள்ளி நோட்டுகளை மாமன்னர் படம் ஒரே பக்கம் பார்க்கும்படி நேராக அடுக்கி வைத்தான். பன்னிரண்டு மணி வாக்கில் நான் உள்ளேயிருந்து வந்து பார்க்கிறேன், மிச்ச நோட்டெல்லாம் கசங்கி அவன் முட்டிக்கு அடியில் கிடந்தது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

"அண்ணே, அவர் மூஞ்சியப் பாருங்க. ஏமாத்துறாருதானே?"

"பெரியம்மா தோசை ஊத்துறாங்க தம்பி, வா, ரெண்டு சாப்பிடலாம்" என்றேன்.

"இன்னும் ஒரே ஒரு ஆட்டம்ணே" என்றான், எதிரே இருந்தவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.